பெஞ்சின் மறுமுனை

பட்டறையில் போட்டால் மலை மாதிரி அசையாமல் நிற்கிற பெஞ்சு, ஆலயத்தில் கொண்டுபோய்ப் போட்டால் மட்டும் ஏன் தட்டுகிறது?

இது பட்டறைக்காரிக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது முறையாக அந்தப் பெஞ்சைத் தன் தச்சுப் பட்டறைக்குத் தூக்கி வந்திருந்தாள். முதல் முறை, நீளமாக இருந்த ஒரு காலை இழைப்புளியால் சீவினாள். இரண்டாம் முறை, நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் வில்லை ஒட்டினாள். இப்போது ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருக்கிற காற்றுக்குமிழ் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. தானே பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினாள். ஒரு முனகல்கூட இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் அது கட்டாயம் சத்தம் போடும். டக்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து டீ டம்ளரோடு கணவன் வந்து நிலைப்படியில் நின்றான்.

"இன்னுமா சரியாகல அது?"

"எது?"

"அதான்... பெஞ்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆலயத்துல நாப்பது பெஞ்சு கிடக்கு. உங்களுக்கு இந்த ஒண்ணு மேல மட்டும் என்ன அக்கறை?"

"அக்கறையா? நான் கீபோர்டு வாசிக்கிறப்ப அந்தச் சத்தம் வந்தா தாளம் தப்புது."

"தாளம் மட்டும்தான் தப்புதா?"

அவன் டம்ளருக்குள் பார்த்தான். "காலங்காத்தால ஆரம்பிக்காத. நீதான் மன்னிச்சாச்சே. எல்லார் முன்னாடியும் மைக்ல சொன்னியே."

"சொல்ல வச்சாங்க, சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அவள் ரசமட்டத்தை எடுத்து, குமிழ் நடுவில் இருக்கும் என்று தெரிந்தும், இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை அது. பாடகர் குழுவுக்குத் தலைவன் அவள் கணவன். தொண்டை கட்டிக்கொண்டால் ஆலயத்துக்கு எதிரிலிருக்கும் மருந்துக்கடைக்குப் போவான். கல்லாவில் நின்றவள் அதே சபையைச் சேர்ந்த பெண். கல்யாணமாகாதவள். இவனுக்கு மனைவி இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறுதோறும் அந்த மனைவிக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்தவள்தானே. பட்டறைக்காரியின் பக்கத்தில் உட்காரும் ரொட்டிக்கடை அக்கா இந்தக் கதையை ஒரே வரியில் சொல்லுவாள்: "இருமல் மருந்து வாங்கப் போன மனுசன், எட்டு மாசம் கழிச்சுத்தான் வீடு திரும்பினாரு."

திரும்பி வந்தவனைச் சபை சேர்த்துக்கொண்டது. அந்தச் சபையில் இதற்கென்று ஒரு முறை இருந்தது. தவறு செய்தவர்கள் கடைசி பெஞ்சில், கதவோர முனையில் உட்கார வேண்டும். முதல் பாட்டு முடிந்த பிறகு வந்து, கடைசிப் பாட்டுக்கு முன்னால் போய்விட வேண்டும். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகக்கூடாது. அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவள் கணவனும் அங்கே உட்கார்ந்தான், இரண்டு ஞாயிறு. கீபோர்டு வாசிக்க வேறு ஆள் இல்லாததால் மூன்றாவது ஞாயிறு அவனை முன்னால் கூப்பிட்டார்கள். அன்று பட்டறைக்காரியையும் மேடையேற்றி, அவன் கையைப் பிடிக்கவைத்து, "மன்னித்துவிட்டேன்" என்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். சபை கைதட்டியது. சில பெண்கள் அழுதார்கள். அவன் நேராகப் போய்க் கீபோர்டில் உட்கார்ந்து, ஸ்தோத்திரப் பாட்டுக்குச் சுருதி பிடித்தான்.

மருந்துக்கடைக்காரிக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. மூன்று வருடமாகக் கதவோரத்தில்தான் இருக்கிறாள்.

அதில் பட்டறைக்காரிக்கு வருத்தம் எதுவும் இல்லை. இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அவளைக் குடைந்தது, அந்தக் கடைசி பெஞ்சு போடும் "டக்". அது வந்ததும் நூறு தலைகள் திரும்பும். கீபோர்டிலிருந்தும் ஒரு தலை திரும்பும். ஒரே ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடியை அவள் இஞ்ச் டேப் வைத்து அளந்திருந்தாள். மருந்துக்கடைக்காரி வேண்டுமென்றே தட்டுகிறாள், நான் வந்துவிட்டேன் என்று சொல்கிறாள், அவனும் புரிந்துகொண்டு திரும்புகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. போன ஞாயிறு சத்தம் வந்தபோது ரொட்டிக்கடை அக்கா அவள் தொடையில் கிள்ளி, "வந்துட்டா உன் சக்களத்தி, மணியடிச்சுட்டு" என்றாள். பட்டறைக்காரி சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மருந்துக்கடைக்காரியிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டும் பார்த்தாள். பட்டியல் நீளமாகவே வந்தது. அவள் விரல்கள். மாத்திரை அட்டையைத் தவிர வேறெதையும் வெட்டாத விரல்கள். தன் விரல்களில் பசையும் சிராய்ப்பும். தன்னைவிட ஆறு வயது சின்னவள். எல்லாவற்றையும்விட, அவளை ஒருவரும் மேடையேற்றிச் சிரிக்கச் சொல்லவில்லை. மனசு எப்படி இருக்கிறதோ அப்படியே முகத்தை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் கூட அவளுக்குத்தான் கிடைத்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பெஞ்சை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். சபைச் செயலர் கையில் ஒரு காகிதப் பையோடு காத்திருந்தார்.

"சரியாயிடுச்சாம்மா?"

"பட்டறையில சரியாத்தான் இருக்கு, ஐயா."

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்ற. பேசாம தரையில துளை போட்டு போல்ட்டால முடுக்கிடு. வாங்கியே வந்துட்டேன்." பையை நீட்டினார். எட்டு போல்ட்டுகள், விரல் பருமன். "அப்புறம் அது ஜென்மத்துக்கும் நகராது."

"அப்படியா, ஐயா?"

"பின்ன? நீ எவ்வளவு பெரிய மனசுக்காரி! புருசனையே மன்னிச்சவ. ஒரு பெஞ்சு உன் பேச்சக் கேக்க மாட்டேங்குதே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, சாவியைக் கொடுத்துப் போய்விட்டார்.

துளைக்கருவிக்கு மின்சாரம் எடுக்கும் முன்பு, தரையைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தரைக்கல்லில் ரசமட்டத்தை நாலாபக்கமும் வைத்தாள். தரையில் குற்றமில்லை. பெஞ்சிலும் குற்றமில்லை. நடுவில் உட்கார்ந்தாள்; சத்தமில்லை. நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாள், இல்லை. இனி உட்கார்ந்து பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, கதவோர முனை. அங்கே உட்கார மூன்று வருடமாக அவள் உடம்பு ஒப்பியதில்லை. யாரும் இல்லாத ஆலயத்தில்கூட ஒருமுறை கதவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் பெஞ்சு அவளுக்குக் கீழே சரிந்தது. பதறிக் காலை ஊன்றினாள். டக்.

மெதுவாக மறுபடி உட்கார்ந்து, பெஞ்சின் நீளத்துக்கும் கண்ணை ஓட்டினாள். சுவரோரம் இருந்த மறுமுனை தரையைவிட்டு ஒரு விரலளவு எழும்பி நின்றது. காலில் பாரத்தை மாற்றினாள். அது கீழே இறங்கித் தரையைத் தட்டியது.

அட, இவ்வளவுதானா!

எட்டடிப் பலகை அது. நடந்து போகிறவர்களின் கால் இடறக்கூடாது என்று, கால்களை முனையில் வைக்காமல் ஒன்றே முக்கால் அடி உள்ளே தள்ளி வைத்தவள் அவளேதான். நான்கு பேர் உட்கார என்று செய்த பெஞ்சு. நான்கு பேர் உட்கார்ந்தால் அசையாது. யாருமே உட்காராவிட்டாலும் அசையாது. ஒரே ஆள், ஒரே முனையில், காலுக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக் கால், குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடும் சீசாப் பலகையின் நடுக்கட்டை போல ஆகிவிடும். இந்தப் பக்கம் ஆளின் எடை, அந்தப் பக்கம் பெஞ்சின் எடை. இரண்டும் ஏறக்குறையச் சமம். குனிந்தால் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும். ஜெபத்துக்குத் தலை குனிகிற ஒவ்வொரு முறையும் அது தட்டத்தான் செய்யும். செய்யும்போது இதை நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தியைத் தனியாக உட்காரவைப்பார்கள் என்று எந்தத் தச்சருக்குத் தோன்றும்?

விடுகதை அவிழ்ந்த சந்தோஷத்தில் முனையைத் தட்டிக்கொடுக்கப் போன கை, அங்கேயே நின்றது. பலகையின் விளிம்பில் மெருகு போயிருந்தது. மேலே பெருவிரல் அகலத்துக்கு ஒரு தேய்மானம். அடியில் தடவினால் நான்கு விரல்களுக்கு நான்கு பள்ளம். இடது பக்கமும் அப்படியே. அவள் போட்ட மெருகு லேசில் போகிற சரக்கு இல்லை. வாராவாரம், இரண்டு மணி நேரம், உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தால்தான் இப்படித் தேயும். பாதிப் பாரத்தைக் காலில் தாங்கி, பாதியைக் கையில் தாங்கி, பெஞ்சு தட்டிவிடக்கூடாதே என்று ஒருத்தி மூன்று வருடம் உட்காராமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மணியடிக்கவில்லை.

அங்கிருந்தபடியே கீபோர்டைப் பார்த்தாள். தெரியவில்லை. நடுவில் தூண். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தாள், அப்போதும் தூண்தான். இந்த இடத்திலிருந்து அவள் கணவனின் முழங்கையைக்கூடப் பார்க்க முடியாது. நூறு பேரின் பின்னந்தலைகள்தான் தெரியும். அதில் தன் கொண்டையும் ஒன்று.

'இவரை மன்னிச்சியான்னு கேட்டாங்க, மைக்கக் கையில கொடுத்துக் கேட்டாங்க. அவளை மன்னிச்சியான்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள் கேக்கலையே' என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போதும் அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் காகிதப் பையை எடுத்து, பிரிக்காமல், செயலரின் மேசையில் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. கணவன் கீபோர்டுக்குப் போனான். பட்டறைக்காரி தன் வழக்கமான மூன்றாவது பெஞ்சைத் தாண்டிப் பின்னால் நடந்தாள்.

"ஏய், எங்கடி போற?" என்றாள் ரொட்டிக்கடை அக்கா. "உன் எடத்துல கைக்குட்டை போட்டு வச்சிருக்கேன்."

"நீங்களே கால நீட்டி உக்காருங்கக்கா."

கடைசி பெஞ்சில், சுவரோர முனையில் போய் உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் மருந்துக்கடைக்காரி உள்ளே வந்தாள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் கதவருகிலேயே நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் போலிருந்தது. பிறகு, பழகிய கைகள் விளிம்பைத் தேடிப் பிடிக்க, மெல்லக் குனிந்து உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை. அவளுக்கே நம்பிக்கை வராமல், பிடித்த பிடியை விடவில்லை.

பட்டறைக்காரி திரும்பவில்லை. ஆனால் ஓரக்கண்ணில் எல்லாம் தெரிந்தது. மடிப்புக் கலையாத புடவை, அந்த விரல்கள். இவ்வளவுக்குப் பிறகும் எப்படித்தான் இவளால் புடவையை இவ்வளவு நறுவிசாகக் கட்ட முடிகிறதோ!

அன்றைய பிரசங்கமும் மன்னிப்பைப் பற்றித்தான். நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் மன்னிக்கிற அளவில்தான் நம்மையும் மன்னிக்கும்படி கேட்கிறோம் என்றார் போதகர். மறந்துபோய்க் கேட்டுவிடுகிறோம், என்ன கேட்கிறோம் என்று யோசிக்காமலே கேட்டுவிடுகிறோம் என்றும் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். பேச்சின் நடுவே எங்கோ, மருந்துக்கடைக்காரியின் கைகள் விளிம்பைவிட்டு மடிக்கு வந்தன.

திருவிருந்து வந்தது. ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து முன்னால் போய்த் திரும்பினார்கள். போதகர் கிண்ணத்தோடு நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தார். செயலர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"வாம்மா, நீ மட்டுந்தான் பாக்கி."

"என்னால எழுந்திரிக்க முடியாது, ஐயா."

"ஏன், கால் வலியா?"

"நான் எழுந்தா இவ கீழ போயிடுவா."

செயலருக்குப் புரியவில்லை. "போல்ட் போடச் சொன்னேனே, போடலையா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "போதகர் கிண்ணத்தோட நிக்கிறாரு. நீ வா. அவ எப்பவும் போல உக்காந்திருப்பா."

கீபோர்டு நின்றிருந்தது. நூறு தலைகள் திரும்பியிருந்தன. இந்த முறை அவற்றைத் திருப்பியது சத்தம் இல்லை.

மருந்துக்கடைக்காரி பலகையைப் பார்த்தபடியே, "நீங்க போங்கக்கா," என்றாள் மெல்ல. "எனக்குப் பழக்கம்தான்." கைகள் மறுபடி விளிம்புக்குப் போயின.

அக்கா! அந்த வார்த்தை பட்டறைக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. யாருக்கு யார் அக்கா என்று கேட்க நாக்கு வரை வந்தது. விழுங்கினாள். மூன்று வருடத்தில் முதன்முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கைய எடு. நான் மூணு எண்ணுறேன். மூணு சொன்னதும் எழுந்திரு. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

ஒன்று, இரண்டு, மூன்று. இருவரும் எழுந்தார்கள். பெஞ்சு இருந்த இடத்தில் இருந்தது.

செயலர் வழியை மறித்தபடி, "என்னம்மா இது?" என்றார்.

"பெஞ்சு ரிப்பேர் முடிஞ்சுது, ஐயா," என்றாள் பட்டறைக்காரி. "போல்ட் எல்லாம் வேணாம். இந்த முனையில ஒருத்தர் உக்காந்தா அந்த முனையில இன்னொருத்தர் உக்காரணும். எழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்திரிக்கணும். அப்புறம் தட்டாது."