இடது மூலைக்கு ஒரு நிமிடம்

எலாடியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது, யாருக்காக நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கடலை வாங்கப் போனதில் ஒலிபெருக்கி சொன்னது காதில் விழவில்லை. சான் பெத்ரோ பேஸ்பால் மைதானம் மொத்தமும் மூச்சடங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற தடித்த மனிதரிடம் கிசுகிசுத்தார்.

"யாருண்ணே?"

"நம்ம எலாடியோ பெகேரோ. லெஃப்ட் ஃபீல்டுல ஆடுவானே, அவன்தான். மத்தியானம் ஹைவேல லாரி அடிச்சிருச்சாம்."

எலாடியோவுக்குச் சிரிப்பு முட்டியது. அந்த இடது மூலையில் பதினோரு பருவம் ஓடியவர் அவர். அமெரிக்காவில் ஒரே ஒரு கோடைக்காலம் ஆடினார். முழங்கால் போனதும் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இப்போது டயர் கடை, நரைத்த தாடி, தொப்பை. அடையாளம் காண ஆளில்லை.

"என்ன கை அவனுக்கு! சுவரோரத்துலேருந்து எறிஞ்சா நேரா பேட் பிடிக்கிறவன் நிக்கிற ஹோமுக்கு வரும். ஆனா ஃபைனல்ல கைக்கு வந்த கேட்சை விட்டான் பாரு, படுபாவி..." தடித்த மனிதர் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "செத்தவனத் திட்டக்கூடாது."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்ணே."

"நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

'நானேதான்யா அது' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி யோகாஸ்டா. பாவம், ரேடியோவில் கேட்டுத் துடித்திருப்பாள்.

"அழாதடி, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

மறுமுனையில் பெரிய கேவல். "கடவுளே, நீயா? நீயேதானா?" மறுபடி பேசியபோது அவள் குரல் வேறாக இருந்தது.

"நீ கிளம்பினதும் உன் தம்பி வந்தான். ராமிரோ. சட்டையெல்லாம் கிரீஸு. கொடியில காஞ்ச உன் பழைய ஜெர்சியப் போட்டுக்கிட்டு, உன் பைக்கத்தான் எடுத்துட்டுப் போனான்."

எலாடியோவின் கையிலிருந்த கடலைப் பொட்டலம் சரிந்தது. முதுகில் பெகேரோ என்று எழுதிய சட்டை. அது மட்டும்தான் கண்முன் தெரிந்தது அவருக்கு.

மௌனம் முடிந்தது. ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாகத் தட்டின. தடித்த மனிதர் அவர் தோளை இடித்தார்.

"கைதட்டுய்யா, நம்ம ஊருப் பையன்!"

இடது மூலையில் நின்ற ஆட்டக்காரன் தன் கையுறையைக் கழற்றி, வெயில் விழுந்த புல்லின் மேல் மெல்ல வைத்துவிட்டு விலகி நின்றான்.