உடனிருப்பவர்

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சுப்பராயலு மேசைமேல் இருந்த மணியை அடித்தார். அந்த மணி அடிக்காமல் வில்லியனூர் பொதுநலச் சங்கத்தின் வாரக்கூட்டம் தொடங்காது. அமீர் ஹம்சா துணிக்கடையின் மாடி. மூன்று பெஞ்சு, ஒரு நாற்காலி. பதினெட்டு உறுப்பினர்களில் மற்றவர்கள் பெஞ்சில். நாற்காலி தலைவருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் தலைவர் சுப்பராயலு. அரிசி ஆலை அவருடையது. மங்கலத்தில் இருபது காணி நஞ்சையும் உண்டு.

தாமதமாக வருகிறவர் போன வாரத் தீர்மானங்களை நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அது சங்கத்து வழக்கம். இரும்புக்கடை காஜா மொய்தீன் எல்லா வாரமும் தாமதம். அதனால் சங்கத்தில் நன்றாக வாசிக்கிறவர் அவர்தான்.

"தீர்மானம் ஒண்ணு," என்று வாசித்தார். "கண் சிகிச்சை முகாம். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள். இடம் பள்ளிக்கூடம். பொறுப்பு செயலாளர் தனிஸ்லாஸ்." காகிதத்தை மடித்தார். "எழுந்திரு வாத்தியாரே. உன் பாடு."

தனிஸ்லாஸ் எழுந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர். இந்த முகாமுக்காக இரண்டு வருடம் புதுச்சேரிக்கு அலைந்தவர். போன மாதம்தான் கண் டாக்டர் சரி என்றார். ஒரே நிபந்தனை, முப்பது பேராவது வேண்டும். குறைந்தால் குழு வேறு ஊருக்குப் போய்விடும்.

"பதினொரு பேரு," என்றார் தனிஸ்லாஸ்.

"பத்து நாளா மைக்குல கத்துனேன்," என்றார் காஜா. "இப்ப என் தொண்டைக்குத்தான் ஆப்பரேஷன் பண்ணணும்."

"ஜனங்களுக்கு பயம்," என்றார் சுப்பராயலு. "படிப்பறிவு பத்தாது. நாம இன்னா பண்றது."

தனிஸ்லாஸ் தலையை ஆட்டவில்லை. பட்டியல் கொடுக்க அடுத்த வெள்ளி வரை நாள் இருந்தது.

"கேட்டுட்டு வரேங்க," என்றார்.

"யார?"

"கண்ணு தெரியாதவங்கள."

சனிக்கிழமை காலை சைக்கிளில் மங்கலம் போனார். புரட்டாசி. சாலையின் இரண்டு பக்கமும் சேறும் நாற்றும். காசம்மாள் இருபது பெண்களோடு வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்து வருகிறவள் அவள். அவள் கணவர் பச்சையப்பன் வரப்புமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பால் நிறத்தில் இருந்தது.

தனிஸ்லாஸ் சைக்கிளைச் சாய்த்தார். "காசம்மா, இவரு பேர ஏன் எழுதல? பயமா?"

"அவருக்கா? கண்ணு தெரியாமயே சாராயக்கடைக்கு வழி கண்டுபிடிச்சி போறாரு. அவருக்கு இன்னா பயம்."

"பின்ன இன்னா?"

காசம்மாள் நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்தாள். கை முழுக்கச் சேறு.

"ஆப்பரேஷன் பண்ணா ஏழு நாளு கண்ண கட்டிப் படுக்க வச்சிடுவாங்களாமே. கூட ஒரு ஆளு இருக்கணுமாமே. யாரு இருக்கறது? இது நடவு. நான் போனா ஆளு செட்டு முறிஞ்சிடும். பரட்டாசில இந்தக் கொம்யூன்ல எந்த ஊர்லயாவது கைய கட்டிக்கினு ஒக்காந்திருக்கிற பொம்பள ஒருத்திய காட்டு."

தனிஸ்லாஸ் சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை முதுகுகள்தான் தெரிந்தன.

"எவன்பா நடவுல தேதி வச்சது?" என்று வரப்பிலிருந்து பச்சையப்பன் கேட்டார்.

"நான்தான்."

"ஏன்?"

"பள்ளிக்கூடம் லீவு. ரூம்பு காலியா இருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி குனிந்தபடியே சொன்னாள்: "பெஞ்சிக்கு லீவு வுட்டாங்களாம். மனுசனுக்கு வுடல."

தனிஸ்லாஸுக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கோபம் தன்மேல். பதினெட்டு உறுப்பினர்கள் ஒரு மணி நேரம் பேசி வைத்த தேதி அது. கடைக்காரர்கள், வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள். நிலம் உள்ளவர் சுப்பராயலு ஒருவர்தான். தன் வயலில் நடவு என்று அவருக்குக் கணக்குப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். மழை வருமா என்று கேட்டார்கள். பந்தல் வேண்டுமா என்று கேட்டார்கள். நடவைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தேதிய மாத்து," என்றாள் காசம்மாள்.

"டாக்டரு மாத்தமாட்டாரு. இத்த வுட்டா அவங்க வேற ஊருக்குப் போயிடுவாங்க."

"அப்ப நீ வந்து ஒக்காரு. உனக்குத்தான் லீவாச்சே."

கேலியாகத்தான் சொன்னாள். தனிஸ்லாஸ் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பெயர், வயது, ஊர், எந்தக் கண். கடைசிக் கட்டம் உடனிருப்பவர். அது நிரம்பாவிட்டால் படுக்கை கிடையாது.

பச்சையப்பன் பெயரை எழுதினார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

"ஆளு நான் தரேன். நீ வர வேணாம்."

"வெளிக்கு இட்டுனு போவணும். மூத்திரச் சட்டி எடுக்கணும்."

"தெரியும்."

"தெரியுமா, படிச்சிருக்கியா?"

"ஏழாம் நாள் வந்து இவர இட்டுனு போ. அப்ப கேளு."

காசம்மாள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினாள். "எழுதிக்க," என்றாள்.

நான்கு நாளில் ஒன்பது ஊர்கள். எல்லா இடத்திலும் அதே பதில்தான் கிடைத்தது. எல்லா இடத்திலும் அதே வாக்கைக் கொடுத்தார். புதன்கிழமை மாலை ஊர்வாரியாக எழுதிய பட்டியலில் முப்பது பெயர் இருந்தது, மங்கலம் கடைசியில். பத்தொன்பது கட்டம் காலி.

வீட்டில் ஜெயசீலி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். கணவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். ஒருமுறை விரல் விட்டு எண்ணினாள்.

"ஏங்க, காலி கட்டத்துல பொம்பளைங்க ஏழு பேரு இருக்காங்க."

"ஆமா."

"இவங்கள யாரு வெளிக்கு இட்டுனு போறது? காஜா அண்ணனா?"

தனிஸ்லாஸ் பட்டியலை எட்டிப் பார்த்தார். அதுவும் அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பொம்பள உங்க மாடிப்படி ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?"

"சட்டம் இல்ல. வழக்கம்."

"வழக்கம்தானே," என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு அமீர் ஹம்சா வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி நூருன்னிசா அவளுக்குப் பழக்கம். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து ஏழு கட்டத்தையும் நிரப்பினாள். நூருன்னிசா மூன்று, ஜெயசீலி நான்கு.

மறுநாள் மணி அடித்தபோது கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பராயலு அவர்களைப் பார்த்தார். அமீர் ஹம்சாவைப் பார்த்தார். அமீர் ஹம்சா மின்விசிறியைப் பார்த்தார். காஜா தாமதமாக வந்து, பெண்களைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

தனிஸ்லாஸ் எழுந்து நடந்ததைச் சொன்னார். "தேதி வச்சது என் தப்பு. நடவுன்னு எனக்குத் தோணல. இங்க யாருக்குமே தோணல. பன்னெண்டு கட்டம் காலியா இருக்குது. நாமதான் ஒக்காரணும்."

"நாம முகாம் நடத்துறவங்க வாத்தியாரே," என்றார் சுப்பராயலு. "பீ மூத்திரம் அள்றவங்க இல்ல."

"அப்ப முகாமே இல்லீங்க. கட்டம் நெரம்புன பதினெட்டு பேருக்காக டாக்டருங்க வரமாட்டாங்க."

"கூலிக்கு ஆளு வையி."

"கூலிக்காரங்க எல்லாம் நடவுல இருக்காங்க."

பெஞ்சு கிரீச்சிட்டது. காஜா முன்னால் வந்தார். "எனக்கு மூணு ஆளு போடு. கடைய மச்சான் பாத்துக்குவான். ஒரு வாரம் என் மூஞ்சி இல்லன்னா வூட்ல கந்தூரி விருந்தே நடத்துவாங்க."

பிறகு பட்டியல் பெஞ்சு பெஞ்சாகப் போனது. தபால் ஆபீஸ்காரர் லீவு இல்லை என்று நேராகச் சொன்னார். சிலர் சொல்லாமல் அடுத்தவரிடம் தள்ளினார்கள். ஒருவர் இரண்டு எடுத்தார். அமீர் ஹம்சா, மனைவி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு எடுத்தார். தனிஸ்லாஸ் நான்கு. கடைசியில் பட்டியல் நாற்காலிக்கு வந்தபோது ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது.

சுப்பராயலு கண்ணாடியைப் போட்டார். "பச்சையப்பன். மங்கலம். நம்ம வயலு பச்சையப்பனா?"

"ஆமாங்க."

முப்பது வருடம் அவர் வயலில் வேலை செய்தவர். சுப்பராயலு பேனாவை மூடினார். திறந்தார்.

"ஒரு பேருதாங்க கொறையுது," என்றாள் ஜெயசீலி.

"தலைவர் பேரு கடைசி வரிசைல வரக் கூடாது. மேல எடம் இல்லியா?"

"தலைப்புக்கு மேல போட்டுக்கோங்க தலைவரே," என்றார் காஜா. "காகிதம் நம்மளுது."

மாடி முழுக்கச் சிரித்தது. சுப்பராயலு சிரிக்கவில்லை. கடைசி வரிசையில், எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். தனிஸ்லாஸ் பட்டியலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மனம் மாறுவதற்குள்.

முதல் இரண்டு நாளில் ஆப்பரேஷன் எல்லாம் முடிந்தது. பெஞ்சுகளை வெளியே போட்டு வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தார்கள். ஆண்களுக்கு இரண்டு அறை, பெண்களுக்கு ஓர் அறை. எல்லோருக்கும் கண்ணில் கட்டு. தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது.

சுப்பராயலு வெள்ளை வேட்டியில் வந்தார். தனிஸ்லாஸை ஓரமாக அழைத்தார்.

"நான் யாருன்னு அவன்கிட்ட சொல்லாத."

"ஏங்க?"

"சொன்னா எழுந்து நின்னுடுவான். டாக்டரு அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

தனிஸ்லாஸ் சரி என்றார்.

பச்சையப்பன் கையை நீட்டித் தடவினார். "யாரு பா?"

"சங்கத்து ஆளு."

"கை மெத்துன்னு கீது. கடைக்காரரா?"

"ம்."

அதற்குமேல் விசாரணை இல்லை. வேலைதான். தண்ணி குடு பா. முதுகு சொறியுது பா, அங்க இல்ல, கீழ. கஞ்சி சுடுது, ஊதிக் குடு பா. சுப்பராயலு ஊதினார். முதல் நாள் சட்டியை எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் வேட்டியே கட்டவில்லை, கைலியில் வந்தார்.

நான்காம் நாள் பச்சையப்பன் கதை பேசினார்.

"எங்க ஆண்டை கீறாரே, நல்ல மனுசன்தான். ஆனா களத்துல கூலி நெல்லு அளக்கச்சொல்ல மரக்காலுக்குள்ள கட்டை வெரல வுட்டுடுவாரு."

பக்கத்துப் பாயில் ஒருவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த காஜா எழுந்து வெளியே போனார். வெளியிலிருந்து அவர் இருமல் கேட்டது.

"அப்படியா," என்றார் சுப்பராயலு.

"நெசம் பா. வெரலும் பெருசு."

அந்த வியாழன் வாரக்கூட்டம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்தது. சத்தத்துக்கு நோயாளிகள் திடுக்கிடுவார்கள் என்று மணி அடிக்கவில்லை. ஐந்து நிமிடம்தான் கூட்டம். உள்ளே யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் காசம்மாள் நடவு முடித்து வந்தாள். வாசலில் அப்படியே நின்றாள். எதிரே சுப்பராயலு சட்டியோடு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நின்றார். பிறகு நடந்தார்.

காசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தனிஸ்லாஸ் உள்ளே வரச் சொன்னார்.

"வேணாம் வாத்தியாரே. நான் எதுவும் பாக்கல," என்று திரும்பிப் போனாள்.

ஏழாம் நாள் டாக்டர் வந்து வரிசைப்படி கட்டு அவிழ்த்தார். தனிஸ்லாஸ் பட்டியலோடு கூடவே நடந்தார். முதல் ஆள் டாக்டரின் விரலைச் சரியாக எண்ணினார். இரண்டாவது ஆளும் எண்ணினார். பெண்கள் அறையில் ஓர் அம்மாவுக்கு மட்டும் கண் சிவந்து வீங்கியிருந்தது. டாக்டர் அவரைத் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். ஜெயசீலி ஏற்கெனவே பையோடு தயாராக நின்றாள்.

"மோசம் இல்ல," என்றார் டாக்டர். "அடுத்த வருஷமும் இதே லீவுல வச்சுக்கலாமா?"

"தேதிய நான் சொல்ல முடியாதுங்க. நடவுக்காரங்கள கேட்டு எழுதறேன்."

கடைசிப் பெயர் பச்சையப்பன். கட்டு அவிழ்ந்தது. கண்ணைச் சுருக்கினார். தண்ணீர் வழிந்தது.

"இது எத்தனை?"

"பொகை மாதிரி கீது. நாலு."

"பொகை போக ஒண்ணரை மாசத்துல கண்ணாடி வரும்," என்று டாக்டர் பட்டியலில் கோடு போட்டு முடித்தார். தனிஸ்லாஸ் அப்போதுதான் சுவரில் சாய்ந்தார்.

சுப்பராயலு வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க ஆண்டை?" என்றார் பச்சையப்பன்.

சுப்பராயலு நின்றார்.

"எப்ப தெரிஞ்சிது?"

"மொத நாளே. முப்பது வருசமா கேட்ட கொரலு."

"தெரிஞ்சிக்கினுதான் வா பா, போ பான்னியா?"

"கண்ணு கட்டியிருந்துதே ஆண்டை."

முதலில் சிரித்தது காஜாதான். பிறகு அறை முழுக்க. சுப்பராயலு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைலியை இறுக்கிக் கட்டினார். வந்து பச்சையப்பனின் கையைப் பிடித்து எழுப்பினார். வெளியே காசம்மாள் கூண்டு வண்டியோடு காத்திருந்தாள். காலில் சேறு காயவில்லை. தாழ்வாரத்தின் முனைக்கு வந்ததும் சுப்பராயலு நின்றார்.

"படி இருக்குது. பாத்து."

"தெரியுது பா," என்றார் பச்சையப்பன். கையை விடுவித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.