பிரிக்காத பொட்டலங்கள்

டமார் என்று ஏதோ விழுந்த சத்தத்தில் டெய்லரக்காவின் கால், மெஷினின் மிதியிலிருந்து நழுவியது. யாரோ கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த கவுனின் கழுத்துத் தையல் கோணிக்கொண்டு ஓடியது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

இரண்டு நாய்கள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உள்ளே தலையை நுழைத்திருந்தன. நடைபாதை முழுவதும் சாப்பாட்டுப் பொட்டலங்கள். ஊசிப்போய், கசிந்து, ஒன்றில் புழு நெளிந்தது. குமட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. முகத்தைத் திருப்பப் போனவள் அப்படியே நின்றாள்.

பொட்டலங்களின் மேல் நீல ரிப்பன். அவள் கடை ரிப்பன்!

கடை வரிசைக்காரர்கள் எல்லோரும் முறை வைத்து எதிர்ப்பக்கப் படிக்கட்டில் அழுக்குத் துணி மூட்டையோடு கிடக்கும் மூட்டைக்காரிக்குச் சாப்பாடு கொடுத்து வந்தார்கள். மூடிப்போன பாங்க் கட்டடத்தின் படிக்கட்டு அது. சும்மா கொடுத்தால் பிச்சை மாதிரி இருக்கும் என்று, வெட்டி மிஞ்சிய ரிப்பனால் பூ முடிச்சுப் போட்டுக் கொடுத்தது டெய்லரக்காவின் யோசனை. முடிச்சு தெரிகிற மாதிரி போட்டோகூட எடுத்திருந்தார்கள். அந்த முடிச்சுகள்தான் அவிழாமல் தொட்டியில் கிடந்தன.

பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"பாத்தீங்களா அண்ணி? நாய்க்குப் போய் ரிப்பன் கட்டி அனுப்பியிருக்கோம்."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். கொழுப்பெடுத்தவளுக்கு இனி ஒரு பருக்கை கிடையாது என்றார். தெருவில் கிடப்பவர்களைப் பிடித்துப் போகிற வண்டியை வரச் சொன்னால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், தொல்லை விட்டது என்றார். சாயங்காலம் வண்டி வந்துவிடும் என்று பேசியும் முடித்தார். பின்சந்தில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை, அதற்கும் அவள்தான் காரணம் என்று கொழுந்தன் எடுத்துக் கொடுத்தான்.

பின்சந்து என்றதுமே டெய்லரக்கா முகத்தைச் சுளித்தாள். கடைகளுக்குப் பொதுவாக அங்கே ஒரு கழிப்பறை உண்டு. ஒருநாள் யாரோ உள்ளே சுவரெல்லாம் அசிங்கம் பண்ணிவிட்டுப் போக, மூச்சை அடக்கிக் கழுவியவள் அவள்தான். அன்றைக்கே பெரிய பூட்டாக வாங்கி மாட்டிவிட்டாள். செய்தது யார் என்று கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் எல்லோருடைய விரலும் எதிர்ப் படிக்கட்டைத்தான் காட்டியது. அன்றிலிருந்து இஞ்ச் டேப்போடு சாவியும் அவள் கழுத்திலேயே தொங்கியது. கஜானா காவலாளி வருகிறாள் என்று கொழுந்தன் கிண்டல் செய்வான்.

"வண்டி வர்றதுக்குள்ள நான் போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று டெய்லரக்கா ரோட்டைக் கடந்தாள்.

கிட்டே போகப் போக வாடை முகத்தில் அறைந்தது. வியர்வையும் அழுக்கும் ஈரத்துணியும் கலந்த புளித்த வாடை. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூட்டைக்காரி முழங்கால்களை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, வெடிப்பில் ஈ உட்கார்ந்திருந்தது. அதை விரட்டக்கூட அவள் கையெடுக்கவில்லை. பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரர் கொடுத்த தண்ணீர் பாட்டில், மூடியின் சீல்கூட உடையாமல்.

தண்ணீரும் ஆகாதாமா இந்த மகாராணிக்கு என்று டெய்லரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? தெரு நாய்க்கா நாங்க வேலை மெனக்கெட்டு ஆக்கிப் போட்டோம்?"

வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு இங்கிருந்து எழுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றாள் மூட்டைக்காரி. குரலே எழும்பவில்லை. கடைகள் அடைத்து ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் இரண்டு வாய் சாப்பிடுவாளாம். பகலில் வருவதையெல்லாம் வாங்கி, யாரும் பார்க்காதபோது தொட்டியில் போட்டுவிடுவாளாம்.

பொட்டலத்தைப் பார்த்ததைவிட இந்தப் பேச்சைக் கேட்கத்தான் டெய்லரக்காவுக்கு அதிகம் குமட்டியது. பகல் சோறு இறங்காத தொண்டை ராத்திரியில் மட்டும் எப்படித் திறக்கிறதாம்? திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் கொழுந்தனும் கண்ணாடிக் கடைக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இங்க பாரு, சாயங்காலம் வண்டி வருது. உன்னை அள்ளிட்டுப் போய் எங்கயோ தள்ளிடுவாங்க. பகல்ல ஏன் சாப்பிடறதில்லைன்னு ஒழுங்கா ஒரு காரணம் சொல்லு. நான் பேசித் தடுத்துப் பாக்கறேன்."

மூட்டைக்காரி நிமிர்ந்தாள். அவள் பார்வை டெய்லரக்காவின் முகம்வரை வரவில்லை. கழுத்துக்குக் கீழே, இஞ்ச் டேப்பின் நுனியிலேயே நின்றது.

"பசியை அடக்கிக்கலாம்மா. தின்னா வெளிக்குப் போகணுமே, பட்டப்பகல்ல எங்க போவேன்? சாவி உங்க கழுத்துலல்ல தொங்குது."