மூன்று நாள் தாங்கிய ஆசை

எழுபத்திரண்டு மணி நேரம். எங்கள் வீட்டில் யார் எதை வாங்க ஆசைப்பட்டாலும், அந்த ஆசை அத்தனை நேரம் உயிரோடு இருக்க வேண்டும். பொருளின் பெயரையும் விலையையும் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்தும் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அந்த விலை, தவணை தவணையாகவாவது, குடும்பத்துக்காகப் போட்டிருக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில் வாபஸ் கிடையாது.

இது அம்மாவின் சட்டம். அம்மா ஒரு பெரிய வீட்டுப்பொருள் கடையில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி.

"முதல் நாள் சந்தோஷமா தூக்கிட்டுப் போவாங்க. ரெண்டாம் நாள் எங்க வைக்கறதுன்னு முழிப்பாங்க. மூணாம் நாள் என் முன்னாடி வந்து நிப்பாங்க" என்பாள். கடையில் கற்றதைப் பதினோரு வருடத்துக்கு முன் வீட்டில் அமலுக்குக் கொண்டுவந்தாள்.

அதிகம் அடிபட்டது அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவர், ஆசையும் அப்படித்தான் ஏறி இறங்கும் என்பான் அண்ணா. உடம்பு பிடித்துவிடும் நாற்காலி, தொலைநோக்கி, குதிரைச் சவாரிக்கான பூட்ஸ். எங்களிடம் குதிரை இல்லை. எதுவும் மூன்றாம் நாளைத் தாண்டியதில்லை.

"அது ஃபண்டு இல்ல, என் ஆசைகளோட கல்லறை" என்பார் அப்பா. "என்ன, கல்லறை நல்லா வளருது."

வளர்ந்தது உண்மைதான். ஆனால் முதல் நான்கைந்து வருடம் அசைந்த மாதிரியே தெரியவில்லை. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அண்ணா அலுத்துக்கொண்டான். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தட்டில் விட்ட கிருமியும் முதலில் செத்தது போலத்தான் கிடக்கும், குட்டியும் குட்டி போட ஆரம்பித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் என்றேன்.

"ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தா நம்ம பணத்தைக் கிருமிங்கறா" என்றான் அண்ணா.

அம்மா மட்டும் யோசித்தாள். "அப்ப தட்டைத் திறக்காம இருந்தா போதும், இல்லையா?"

ஒரு வருடம் ஃபண்டு கொஞ்சம் இளைத்தது. அப்போதும் அம்மா தட்டைத் திறக்கவில்லை. தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட அந்த மேசையில் அவள் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள்.

அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டார். "சொல்லு, சொல்லு."

"விலை, ஃபண்டுல பாதிக்குக் கொஞ்சம் கம்மி."

அண்ணா விசிலடித்தான். "காராம்மா?"

"பேரை இப்ப சொல்ல மாட்டேன். கடைசியில சொல்றேன்."

"சட்டத்துல அதுக்கு இடமில்லையே!"

"சட்டம் போட்டவளுக்குக்கூடவாடா இல்ல?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "மணி எட்டு. புதன் காலை எட்டு வரைக்கும். இவ இப்பதான் முதல் தடவையா ஆசைப்பட்டிருக்கா. ஒருத்தரும் குறுக்க வரக்கூடாது."

அண்ணா கார் என்றே முடிவு கட்டி, என்ன நிறம் என்பதில் இறங்கிவிட்டான். அப்பா, ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலமாக இருக்கும் என்றார். என் பயம் வேறு. அவ்வளவு பெரிய செலவு என் கல்யாணமாகத்தான் இருக்க முடியும். அந்த மாதத்தில் அம்மா இரண்டு முறை, "உனக்கு யாரையாவது பிடிச்சிருக்காடி?" என்று கேட்டிருந்தாள்.

திங்கள் மாலை வழக்கம் போல அம்மா ஒரு கடைக்கதை கொண்டுவந்தாள். முடி வெட்டும் மெஷினைப் பிரிக்கவே இல்லை என்று சாதித்த ஒருவர், அதன் பல்லில் அவருடைய நரைமுடி. அண்ணாவுக்குப் புரையேறியது. அம்மாவுக்கு அந்த வேலை என்றால் உயிர் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். இந்தக் கதைகளைக் கேட்ட யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டில் எல்லார் முன்னாலும் எனக்கு வாய் வராது. செவ்வாய் மத்தியானம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். 'என் கல்யாணத்துக்கு இப்ப எதையும் எடுக்க வேணாம்மா' என்ற ஒரே வாக்கியத்தை பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்.

கவுண்டர் முன்னால் வரிசை கதவு வரை நீண்டிருந்தது. முதலில் நின்றவர் ஒரு கெட்டிலின் மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கொதிக்க நாலு நிமிஷம் ஆச்சுன்னா இது கெட்டிலா?"

"மன்னிக்கணும் சார். பில் இருந்தா உடனே மாத்தித் தர்றேன்."

"பில்லு, பில்லுன்னு... வேற ஏதாவது தெரியுமா உனக்கு? பள்ளிக்கூடம் பக்கமாவது போயிருக்கியா? வாசல்ல கூட்டற வேலைக்குக்கூட நீ லாயக்கில்ல."

"மன்னிக்கணும் சார்."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. அம்மா சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். இந்தச் சிரிப்பில் விழவில்லை.

அவர் போனதும் அம்மா எதையோ தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்தாள். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து, "அடுத்து வாங்க" என்றாள். கையில் ஒன்றும் இல்லை.

நான் பேசாமல் திரும்பிவிட்டேன்.

அன்று மாலை கெட்டில்காரர் எங்கள் மேசைக்கு வந்தார். "தண்ணி கொதிக்க நாலு நிமிஷம் பொறுக்க முடியாத மனுஷன், என் வரிசையில நாப்பது நிமிஷம் நின்னாரு!" என்று அம்மா மூடியால் தட்டிக் காட்டினாள். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நான் சிரிக்கவில்லை. அம்மா அதைப் பார்த்தாள்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்புறம், அந்த விஷயத்தை விட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அதெப்படி?" என்றார் அப்பா. "தொலைநோக்கியை நான் ரெண்டாம் நாளே கைகழுவினேன், நீ ஒத்துக்கிட்டியா? நேரம் முடியட்டும்."

புதன் காலை அம்மா சீருடையோடும் பையோடும் கிளம்பி நின்றாள். அப்பா வேலைக்குப் போகாமல் வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டாச்சு. வேணுமா, வேணாமா?"

"வேணாம். நகருங்க, பஸ் போயிடும்."

"பேராவது சொல்லிட்டுப் போயேன். கல்லறையில எதைப் புதைக்கறோம்னு தெரிய வேணாமா?"

"அதான் வேணாம்னுட்டேனே."

அப்பா முகம் விழுந்துபோய் நாற்காலியை நகர்த்தினார். அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஒரு தடவை வேண்டாம் என்றால் அம்மா மறுபடி கேட்கமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

"நேத்து நான் கடைக்கு வந்திருந்தேன்" என்றேன். "அந்தக் கெட்டில்காரர் பேசினதை முழுசா கேட்டேன்."

"ஏன், என்ன பேசினான்?" என்றான் அண்ணா.

சொன்னேன். பள்ளிக்கூடம், வாசல் கூட்டுவது, எல்லாவற்றையும்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீ சொன்ன கதையில இது இல்லையே."

"எந்தக் கதையிலதான் இருந்துச்சு?" என்றாள் அம்மா. "வர்ற வழியில பஸ்ஸுலயே அதையெல்லாம் கழிச்சுட்டு, மிச்சத்தைத்தான் இங்க கொண்டுவருவேன்."

பையை மேசைமேல் வைத்தாள். நின்றுகொண்டேதான் பேசினாள்.

"பொருள்னு ஒண்ணும் இல்லங்க. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு. அந்த நாலு வருஷச் சம்பளம்தான் நான் சொன்ன விலை. அது போனாலும் பாதிக்கு மேல தட்டுல இருக்கும், அது பாட்டுக்கு வளரும். கணக்குப் பார்த்துட்டுதான் கேட்டேன். நேத்து இவ சிரிக்காம உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், பணத்தை நினைச்சு பயப்படறாளோன்னுதான் வேணாம்னேன்."

அப்பாவுக்கு அப்போதும் பிடிபடவில்லை. "ஏம்மா, உனக்கு அந்த வேலைன்னா உயிராச்சே?"

தெருமுனையில் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அம்மா திரும்பவில்லை.

"எனக்கு அந்த வேலை ஒருநாள்கூடப் பிடிச்சதில்லைங்க."