திறந்து வைத்த பானட்

மீரான் மைதீன் தன் காரின் பானட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார் என்ற செய்தி வண்டிப்பேட்டைத் தெருவின் இரண்டு முனைகளையும் எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. திராட்சைக் கமிஷன் கடையில் முப்பது வருடம் உட்கார்ந்து, கொடியில் தொங்கும் குலையைப் பார்த்தே எடை சொல்லிப் பழகிய மனிதர், போயும் போயும் ஒரு எலியிடம் மாட்டிக்கொண்டார் என்பதில் உத்தமபாளையத்துக்காரர்களுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. அதை யாரும் வெளியே காட்டவில்லை. வீட்டில் நோயாளி இருக்கிறாளே.

எலி வந்ததற்கு அவரே காரணம் என்பது எதிர்வீட்டு அன்னத்தாயின் கட்சி. பின் சீட்டில் பன்னீர் திராட்சையை ஏற்றிக்கொண்டு போய், உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டால் எலி வராமல் மயிலா வரும் என்று குழாயடியில் கேட்டாள்.

முதல் தடவை நடந்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் மனைவி லத்திபாவுக்கு மதுரையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற வேண்டிய நாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை விடியலில் கிளம்பி, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை.

வண்டி ஒயரிங் பார்க்கிற சுரேஷ்கண்ணன் வந்து பானட்டைத் தூக்கினான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு குடித்தனமே நடந்திருந்தது. தேங்காய் நார், கிழிந்த துணி, காய்ந்த திராட்சைக் காம்பு, புழுக்கை. ஒயர்கள் குதறிக் கிடந்தன. லத்திபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"அத்தனையும் கடிக்க வேண்டியதில்ல பாய். இந்தா, இந்தச் செவப்பு ஒயரு ஒண்ணு போனாப் போதும், வண்டி செத்துச்சு" என்றான் சுரேஷ்கண்ணன்.

வாடகைக் கார் சொல்லவா என்று மீரான் மைதீன் கேட்டார்.

"ஊரான் காருல வாந்தி எடுத்து வச்சிட்டு அவன் மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?" என்றாள் லத்திபா.

ஆஸ்பத்திரியில் அடுத்த செவ்வாய்க்குத் தேதி கொடுத்தார்கள். போக முடியாமல் போன அன்று காலை லத்திபா இரண்டு இட்லி சாப்பிட்டாள். சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டாள். மாலையில் அன்னத்தாயைக் கூப்பிட்டு வைத்து, தெருவில் யார் மகள் யாரோடு போனாள் என்று ஒன்றரை மணி நேரம் விசாரித்தாள். போன தடவை ஏற்றிய மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார் மீரான் மைதீன்.

எலி விவகாரத்தில் தெருவே வைத்தியரானது. ஒருவர் புகையிலையைத் துணியில் முடிந்து கட்டச் சொன்னார். ஒருவர் பாச்சா உருண்டை. இன்னொருவர் சொன்னபடி மிளகாய்த்தூளைத் தூவிவிட்டு, சின்னமனூர் வரைக்கும் தும்மிக்கொண்டே போய் வந்தார். துபாயிலிருந்து மகன் ஷானவாஸ், எலிக்கு மட்டும் கேட்கிற சத்தம் போடும் மிஷின் ஒன்றை அனுப்பினான். எலிக்குக் கேட்டதோ என்னவோ, தெரு நாய்களுக்கு நன்றாகக் கேட்டது. கடைசியில் அன்னத்தாய் சொன்னதுதான் நிலைத்தது.

"இருட்டா, கதகதப்பா இருந்தாத்தான் பாய் அது வந்து அடையும். ராத்திரிக்குப் பானட்டைத் தொறந்து போட்டு ஒரு பல்பைத் தொங்க விடுங்க. ஒண்ணும் அண்டாது."

அப்படித்தான் பானட் திறந்தது. எலியும் வரவில்லை. அடுத்த செவ்வாய் மதுரைக்குப் போனார்கள், மருந்து ஏறியது, திரும்பி வந்து ஆறு நாள் லத்திபா தலையைத் தூக்கவில்லை. வாய்க்குள் புண், தண்ணீர் பட்டால்கூட எரிந்தது.

மூன்று வாரம் கழித்து வந்த செவ்வாயன்று மறுபடியும் கார் கிளம்பவில்லை. சுரேஷ்கண்ணன் வந்தான், கடிபட்டதைச் சேர்த்து டேப்பைச் சுற்றினான், போனான். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். அந்தச் செவ்வாயும் கார் கிளம்பவில்லை. இந்த முறை சுரேஷ்கண்ணன் குனிந்தவன் நிமிர வெகுநேரமானது.

"பாய், இது எலி இல்ல."

"பின்ன, பெருச்சாளியா?"

"பெருச்சாளியும் இல்ல. பல்லு பட்டா ரப்பரு குதறியிருக்கும், செம்பு பிசிறு பிசிறா நிக்கும். இங்கன பாருங்க, ஒரே வெட்டு. போன வாரமும் இப்பிடித்தான் இருந்துச்சு, நான்தான் அவசரத்துல கவனிக்கல. கத்திரிக்கோல் வேலை இது." குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு வேண்டாதவுக யாரும்..."

கமிஷன் கடைக்காரருக்கு வேண்டாதவர்களுக்கா பஞ்சம். காமயகவுண்டன்பட்டியில் இரண்டு பேர், சுருளிப்பட்டியில் ஒருவர், சொந்த மச்சான் ஒருவர் என்று மனசுக்குள் ஆள் பிடித்துக்கொண்டே அவர் அடுப்படிக்குப் போனார். லத்திபா படுத்ததிலிருந்து தேநீர் போடுவது அவர் வேலை. ஆணியில் மாட்டியிருந்த சின்னக் கத்திரிக்கோலை எடுத்துப் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டினார். வெள்ளைப் பையில் கறுப்பாக ஒரு மசி ஒட்டியது. கத்திரிக்கோலைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு அலகும் சேருகிற இடத்தில் நூல் கனத்துக்குச் சிவப்பு ரப்பர் சிக்கியிருந்தது.

"பால் காஞ்சிருச்சாங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"காயுது" என்றார். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

கத்திரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அதே ஆணியில் மாட்டினார். தேநீர் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அன்னத்தாய் ஏற்கெனவே பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"சுரேசு என்ன சொன்னான் பாய்?"

"எலிதான்னான்."

"ம்." விளக்குமாற்றைத் தட்டினாள். "நீங்க சுபுஹுத் தொழுகைக்குப் போன பெறகுதான் பாய் அந்த எலி வருது. செவத்தைப் பிடிச்சுக்கிட்டு எறங்குது. மூணு படிக்கு மூணு தடவை உக்காருது. ஓடிப் போயி கையப் பிடிச்சு விடலாமான்னு இருந்துச்சு எனக்கு."

அவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடிய பானட்டைத் தூக்க லத்திபாவின் கையில் பலம் கிடையாது. எலிக்குப் பயந்து அவர்தான் தினமும் திறந்து வைத்தார்.

"தெருவுல யார்கிட்டயும் சொன்னியா?"

"என்னையப் பாத்தா அப்பிடியா தெரியுது?"

"ஆமா."

"சொல்லல பாய்" என்றாள் அன்னத்தாய்.

அது நிஜம்தான். எட்டு நாளாக ஒரு சேதி அன்னத்தாயின் வாய்க்குள்ளேயே கிடந்தது வண்டிப்பேட்டைத் தெருவில் அதற்கு முன் நடந்ததில்லை.

கடைசியாக மதுரைக்குப் போனபோது டாக்டர் மீரான் மைதீனை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்தார். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, மருந்து ஏற்றினால் சில வாரங்கள் கூடலாம், அந்த வாரங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நிறுத்திவிட்டு வலிக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதும் ஒரு வழிதான், இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள் என்றார். மீரான் மைதீன் யாரோடும் பேசவில்லை. லத்திபாவிடம் வந்து, ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாக என்றார். சில வாரம் என்றாலும் வாரம்தானே என்பது அவர் நினைப்பு. எடையைக் குறைத்துச் சொன்னால் ஒரு பழம்கூட விட்டுக்கொடுக்காத ஆள்.

அதனால் அடுத்த திங்கட்கிழமை சாயந்தரம் பானட்டை அமுக்கி மூடினார். சத்தம் கேட்டு லத்திபா ஜன்னலுக்கு வந்தாள்.

"மூடிட்டீகளா?"

"எலி இனிமே வராதாம். சுரேசு சொன்னான்."

அவள் ஜன்னலை விட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மதுரை போய் வந்தார்கள். வரும்போது கணவாய்க்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, அவள் வாந்தி எடுத்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார். சட்டைக்கு மேலேயே எலும்பு கைக்குத் தட்டியது. வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் கேட்டாள்.

"அன்னைக்கு டாக்டர் உங்கள வெளிய கூட்டிட்டுப் போயி என்ன சொன்னாக?"

"அதான் சொன்னேனே. நல்லா இருக்குன்னாக."

"சரி" என்றாள். தேனி வந்தது, வீரபாண்டி வந்தது, சின்னமனூர் வந்தது.

அதன் பிறகு அவளால் எழுந்திருக்க முடிந்தது குறைவு. ஆறு நாள் பத்து நாளானது, பத்து பதினைந்தானது. அன்னத்தாய் வந்து தெருக்கதை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுவில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். யார் மகள், யாரோடு என்று கேட்காத லத்திபாவைப் பார்த்துவிட்டு வந்து அன்னத்தாய் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த தேதிக்கு முந்தின சாயந்தரம் மீரான் மைதீன் வாசலுக்கு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். புகையிலை முடிச்சை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். பிறகு பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.

"எலி மறுபடி வருதாங்க?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வரலாம்" என்றார்.

காலையில் தொழுகை முடிந்தும் அவர் வீட்டுக்கு வரவில்லை. முல்லைப் பெரியாற்றுப் பாலம்வரை நடந்தார். ஒரு தேநீர் குடித்தார். குடித்த கடையிலேயே இன்னொன்றும் குடித்தார். படி இறங்க, மூன்று தடவை உட்கார, வெட்ட, திரும்ப ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் விட்டுத்தான் தெருவுக்குள் நுழைந்தார்.

சிவப்பு ஒயர் அப்படியே இருந்தது.

திரும்பிப் பார்த்தார். வாசல் நிலைக்குக் கீழே, முதல் படிக்கு உள்பக்கம், அந்தக் கத்திரிக்கோல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் செருப்பில் ஒன்று. அதுவரைதான் வர முடிந்திருக்கிறது.

அவர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். ஒயர் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. முதல் அழுத்தில் ரப்பர் மட்டும் வெட்டுப்பட்டது. இரண்டாவது அழுத்தில் அலகு வழுக்கியது. மூன்றாவதில்தான் அறுந்தது. இந்தக் கையாலேயே மூன்று அழுத்து என்றால் அந்தக் கையால் எத்தனை என்று நினைத்தவர், பானட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

உள்ளே போனபோது லத்திபா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மதுரைக்குக் கட்டிக்கொண்டு போகிற பச்சைச் சேலையை அவர் நேற்றே மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். அது அங்கேயே இருந்தது.

"எலி கடிச்சிருச்சு" என்றார்.

அவள் மெல்லத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் விரலில் இருந்த கறுப்பு மசியைப் பார்த்தாள்.

"பெரிய எலியோ?"

"கெழட்டு எலி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும்வரை அவர் நெஞ்சை நீவிவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

"அடுத்த தேதி எப்பன்னு கேளுங்க."

"கேக்கல" என்றார். "வலிக்கு மாத்திரை மட்டும் கேக்குறேன். அது போதும்னு அன்னைக்கே சொன்னாக. நான்தான் உங்கிட்ட சொல்லல."

லத்திபா அவர் கையை எடுத்து, தன் முக்காட்டுத் துணியால் அந்த மசியைத் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப பானட்டை மூடிட்டு வாங்க. சாரல் விழுது."

அவர் வெளியே வந்து கம்பியை இறக்கி, இரண்டு கையாலும் அமுக்கி மூடினார். எதிரே அன்னத்தாய் விளக்குமாறு இல்லாமலே வாசலில் நின்றாள்.

"இட்லி ஊத்தியிருக்கேன் பாய். அக்காவுக்கு ஒண்ணு கொண்டாரவா?"

"ரெண்டாக் கொண்டா" என்றார் மீரான் மைதீன். "சட்னி கொஞ்சம் கூட வையி. கேட்டாலும் கேப்பா."