மைனஸைத் தின்ற ஸ்கிரிப்ட்

ஒரு கோடைக்காலத்தையே ஒற்றை வரியால் ஓட ஓட விரட்டியவன் நான். சரி, இரண்டு வரி.

என் மகள் ஐஸ்கிரீம் செய்து விற்கிறாள். அன்று அவளுடைய குளிர் அறை முழுக்க முதல் பெரிய ஆர்டர். மறுநாள் ஒரு ஹோட்டலுக்குப் போயாக வேண்டும். உருகினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். உள்ளே எட்டிப் பார்த்தவள் "அப்பா!" என்று போட்ட கூச்சலில் தெருவிலிருந்த கார்களெல்லாம் தானாக ஹாரன் அடித்தன. டப்பா மூடிகளில் வியர்வை. நல்லவேளை, உள்ளே இன்னும் கெட்டிதான். அறையைக் குளிரவைக்கும் கம்ப்ரசரிடம் மட்டும் மூச்சுப் பேச்சில்லை.

"மெஷின் போச்சு. மெக்கானிக் வந்து பிரிச்சுப் பார்க்கட்டும்," என்றார் மாப்பிள்ளை.

"பிரிச்சு மாட்டுறதுக்குள்ள இங்க நீச்சலடிக்கலாம் மாப்பிள்ளை. இந்த ரூமுக்குக் குளிரைச் சொல்ற கம்ப்யூட்டர்ல யாராவது கை வெச்சீங்களா?"

"நான்தாம்பா," என்றாள் மகள். "வழக்கமா இவர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டைச் சும்மா ஓட்டுவேன், அதுவே மைனஸ் பதினெட்டு வெச்சுக்கும். சரக்கு அதிகமாச்சேன்னு இன்னைக்கு அது பேருக்குப் பக்கத்துலயே -25னு அடிச்சேன்."

"என் ஸ்கிரிப்ட் ரெண்டு வருஷமா ஓடுது மாமா!"

"ஓடுது. இன்னைக்குத்தானே அதுகிட்ட முதல்முதலா ஒரு வார்த்தை பேசியிருக்கோம்?"

பெர்ல் என்ற கணினி மொழியில் அவர் எழுதிய அந்தக் கோப்பைத் திறந்தேன். கட்டளையோடு வரும் எதன் முன்னால் கோடு இருந்தாலும், ஏதோ ஆப்ஷனுக்கான குறி என்று சுரண்டி எறிய வைத்திருந்தார் மாப்பிள்ளை. மைனஸ் போய் வெறும் இருபத்தைந்து! அந்தச் சூட்டுக்குக் கம்ப்ரசர் எதற்கு ஓட வேண்டும்?

விசைப்பலகை புகைய அடித்தேன். அந்தச் சுரண்டும் வரியைத் தூக்கிவிட்டு, கட்டளையோடு வருவதைச் சரியாகப் பிரித்துப் படிக்க, பெர்லோடு கூடவே வரும் Getopt::Long-ஐ அழைத்தேன். temp என்று பெயர் சொல்லித் தருவது முழு எண், மைனஸும் அதில் சேர்த்தி: ஒரு வரி. பூஜ்யத்துக்கு மேல் என்றால் மறுத்துவிடு: இன்னொரு வரி.

மகள் --temp=-25 என்று அடித்தாள். கம்ப்ரசர் உறுமிய உறுமலில் என் பல்செட் ஆடியது.

"தானா கிளம்பியிருக்கும் மாமா," என்றார் மாப்பிள்ளை, விடாமல்.

"பழைய பிரதி இருக்கே, ஓட்டிப் பாருங்க."

"என் ஐஸ்கிரீம்தான் கிடைச்சுதா உங்களுக்கு!" என்று மகள் கத்துவதற்குள் அவர் -25 என்று தட்டிவிட்டார். உறுமல் நின்றது. வைக்கச் சொன்ன வெப்பநிலையைக் காட்டும் சுவர்ப் பேனலில் பளிச்சென்று 25. மகள் அவர் கையைத் தள்ளிவிட்டுப் புதியதை ஓட்டினாள்; மறுபடி உறுமல்.

மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு மூடியைத் தொட்டுப் பார்த்தார். நடுங்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"மெஷின் மேல தப்பே இல்ல. நீங்கதான் சரி பண்ணினீங்க மாமா. யார் கேட்டாலும் சொல்றேன்."