டிஸ்க் எதுவும் காணப்படவில்லை

மாமாவின் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு ஒரு நோயும் இல்லை. அதனால்தான் அவருடைய அக்கா மகன் அதில் கைவைத்தான். குடும்பத்தில் அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர். தண்ணீரில் விழுந்த யாருடைய செல்போனையோ ஒருமுறை பிழைக்கவைத்ததில் வந்த பட்டம்.

"பழைய லினக்ஸ் மாமா. இதுக்கு இனிமே பாதுகாப்பே கிடையாது."

"கதவுல பூட்டு இருக்குல்ல?"

பூட்டு போதாதென்று, கம்ப்யூட்டரை இயக்கும் அந்தப் பழைய லினக்ஸ் இருந்த ஒரே பென் டிரைவை அழித்து, அதிலேயே புதியதை ஏற்றி, நிறுவியும் முடித்தான். திரை பளபளவென்று வந்தது. கடிகாரம்கூடச் சரியாக ஓடியது. வாடிக்கையாளர்களின் படங்கள் மட்டும் இல்லை.

படங்கள் இருந்தது இரண்டு பெரிய டிஸ்க்குகளில். டிஸ்க்குகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு பழைய கார்டு. அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த 'டிரைவர்' என்ற மென்பொருளைப் புதிய லினக்ஸிலிருந்து, அதைத் தயாரிப்பவர்கள் எடுத்துவிட்டார்கள். இப்போது அதை யாரும் பயன்படுத்துவதில்லையாம். மாமாவை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் பழைய லினக்ஸை மறுபடி டவுன்லோடு செய்ய உட்கார்ந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அப்பா போயிட்டாருண்ணே," என்றார் மாமாவிடம். "போன வருஷம் இங்க எடுத்தோமே, சிரிச்ச மாதிரி ஒண்ணு. பெருசாப் போட்டுக் குடுங்க. சாயங்காலம் எடுத்துருவாங்க."

மாமா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் திரையைப் பார்த்தான். டவுன்லோடு முடிய இன்னும் நான்கு மணி நேரம் என்றது திரை. கொஞ்சம் யோசித்து, ஒன்பது மணி நேரம் என்றது.

"படம் பத்திரமா இருக்குண்ணே," என்றான் டாக்டர்.

"அப்ப குடுங்க தம்பி."

"உள்ளதான் இருக்கு. கம்ப்யூட்டருக்குத் தெரியல."

கண்டக்டர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். டிஸ்க் விளக்குகள் இரண்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. "லைட்டு எரியுதே."

"எரியும்ணே."

"அப்பாவும் கடைசில அப்படித்தான். நாங்க எதுக்கவே உக்காந்திருப்போம். யாருன்னு கேப்பாரு." ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "சரி, பாப்போம்."

தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். கண்டக்டரின் தங்கை இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் போனாள். திரை ஏழு மணி நேரம் என்றது, பிறகு பதினொன்று.

"இவன் படிச்சதுக்குக் கட்டின பணத்துல நான் இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கியிருப்பேன்," என்றார் மாமா. திட்டுவது போலத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"திட்டாதீங்கண்ணே. அப்பா இருந்திருந்தாலும், பாவம் சின்னப் பையன்னுதான் சொல்லியிருப்பாரு." கண்டக்டர் எழுந்து, பையிலிருந்து அப்பாவின் அடையாள அட்டையை எடுத்தார். "ஜெராக்ஸ் கடையில இதையே பெருசு பண்ணிக்கிறேன்."

அட்டைப் படத்தில் அந்த மனிதர் யாரோ அடிக்க வருவது போல முழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் வேணா..." என்று டாக்டர் எழுந்தான். வேண்டுமானால் என்ன செய்ய முடியும் என்று அவனுக்கே தெரியவில்லை. கண்டக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஒரு பையன் அந்த முழித்த முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மாமா கடைக்குள் நின்றபடியே கும்பிட்டார். மேஜையில், அந்தச் சிரித்த படத்துக்காகக் காலையிலேயே அளவு பார்த்து எடுத்துவைத்த பிரேம் காலியாகக் கிடந்தது. அதன் கண்ணாடியை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

திரை இன்னும் ஆறு மணி நேரம் என்றது.